சுவருக்குள் கேட்ட மூச்சு

லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் அந்த அம்மாளுக்கு வாய் ஊர்க்கோடி வரை கேட்கும். பெரிய மெஷினோடு காலம் தள்ளியதில் இடது காது அடைத்துப்போய்விட்டது. அதனால் எதையும் கத்தித்தான் பேசுவாள். அவள் வீட்டில் ரகசியம் என்று ஒன்று தங்கியதே கிடையாது. பஸ் ஓட்டும் கணவருக்கோ வாயைத் திறந்தால் காற்றுதான் வரும். "வாய்க்குள்ளயே முனகாதீங்க, கேக்குற மாதிரி பேசுங்க" என்று அவள் சத்தம் போடாத நாளில்லை.

கிழியாத தையல் வேண்டுமென்றால் எல்லாரும் அவளிடம்தான் வருவார்கள். சிற்பியான ஒரு பெண்ணும் அப்படித்தான் வந்தாள். அவள் செய்வது ஓரிடத்தில் நிற்கிற சிலை இல்லை. உடம்பில் மாட்டிக்கொண்டு நடக்கிற சிலை. மரப்பட்டை, நாணல், காய்ந்த நெற்றுகள். நடக்க நடக்க அவையே ஒலி எழுப்பும். சிலர் அவற்றை அணிந்து, வாய் பேசாமல், பூங்காவிலிருந்து ஆற்றங்கரை வரை ஊர் நடுவே நடப்பார்களாம்.

"இதைப் பாத்து ஊரே பயந்து ஓடப்போகுதும்மா."

"ஓடக் கூடாதுக்கா. நின்னு கேக்கணும்."

மரம் போன்ற ஒரு வேடத்தைத் தார்ப்பாயம்மாள் தன் மேலேயே போட்டுப் பார்த்துத் தைத்தாள். அதன் தலைக்கூட்டில் மட்டும் சிற்பி பிறகு இரண்டு சுரைக்குடுக்கைகளைக் காதுபோலப் பொருத்தினாள்.

நடக்க வேண்டிய நாளில் அந்த மரவேடத்தைப் போட வேண்டியவனுக்குக் கால் பிசகிவிட்டது.

"நீங்கதான்க்கா காப்பாத்தணும்."

"நானா? வாயை மூடிக்கிட்டா? எங்க வீட்டுக்காரர் கேட்டா உன்னைக் கையெடுத்துக் கும்பிடுவாரு."

சிரித்துக்கொண்டே தலைக்கூட்டை மாட்டினாள். சிரிப்பு அப்படியே நின்றது. இடது காது திறந்துகொண்டது. எங்கோ மாடியில் யாரோ காகிதம் புரட்டுவது கேட்டது. ஓரடி எடுத்து வைத்தால் உடம்பெங்கும் நெற்றுகள் மழைபோல இரைந்தன.

வேடக்காரர்கள் வரிசையாக நடந்து வந்ததைக் கண்டதும் கடைத்தெரு அடங்கிப்போயிற்று. நாய்கள் குரைக்காமல் எழுந்து சந்துக்குள் நழுவின. மின்கம்பியில் இருந்த காகங்கள் அத்தனையும் அவளைப் பார்த்தே தலை திருப்பின.

மூடிக் கிடந்த அச்சகத்தின் நீளச் சுவரருகே வந்தபோதுதான் அது கேட்டது. மூச்சு. மெல்ல உள்ளே போயிற்று, மெல்ல வெளியே வந்தது. அவள் நின்றாள்; நெற்றுகள் ஓய்ந்தன; மூச்சு ஓயவில்லை. சுவரில் குடுக்கையை வைத்தாள். சட்டென்று அடங்கியது, யாரோ கேட்கிறார்கள் என்று தெரிந்துகொண்டதுபோல. பிறகு மறுபடி தொடங்கியது, காரைப்பூச்சுக்கு அந்தப் பக்கம், அவள் காதுக்கு நேரே.

இதுவும் நிகழ்ச்சி என்று எண்ணி மற்ற வேடக்காரர்களும் சுவரில் தலை சாய்த்தார்கள். வேடிக்கை பார்த்தவர்கள், கடைக்காரர்கள், போக்குவரத்துப் போலீஸ்காரர், எல்லாரும் வந்து காதை வைத்தார்கள். யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் யாரும் நகரவில்லை. அந்த வழியே பஸ்ஸை ஓட்டி வந்த அவள் கணவர், ஒரு தெருவே சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, ஹாரன் அடிக்கக் கை வராமல் உட்கார்ந்திருந்தார்.

ஆற்றங்கரையில் தலைக்கூட்டைக் கழற்றியதும் அவள் கத்தினாள். "சுவருக்குள்ள ஆள் இருக்கு! உடைங்க!" அவள் போட்ட கூச்சலில் அச்சகத்துச் சொந்தக்காரர் முணுமுணுத்தபடியே கொத்தனாரை வரவழைத்தார்.

இரட்டைச் சுவருக்கு நடுவே ஆள் இல்லை. தரையிலிருந்து கூரை வரை தேனடை. ஒரு தேனீகூட இல்லை.

"இது காலியாகிப் பல வருஷம் ஆயிருக்கும். தொட்டா உதிருது பாருங்க" என்றார் கொத்தனார். ஓட்டையை அன்றே அடைத்துவிட்டார்.

சில நாள் கழித்துச் சிற்பி அந்த அடையில் ஒரு துண்டோடு வந்தாள். உடைத்தபோதே எடுத்து வைத்திருந்தாளாம். அடுத்த வேடத்தின் மார்பில் வைத்துத் தைக்க வேண்டுமாம். தார்ப்பாயம்மாள் அதை வலது காதில் வைத்தாள், ஒன்றுமில்லை. செத்த காதில் வைத்தாள். உள்ளே போயிற்று, வெளியே வந்தது.

"இதை மட்டும் என்கிட்ட தராதம்மா" என்றாள், தணிந்த குரலில். அவள் தணிந்து பேசி யார் கேட்டிருக்கிறார்கள்? சிற்பி மிரண்டுபோய் அடையை அங்கேயே வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

மாலையில் கணவர் கேட்டார். "என்னதான் கேக்குது?"

"எதையோ சொல்ல வர்ற மாதிரி மூச்சை இழுக்குதுங்க. சொல்ல மாட்டேங்குது."

அவர் சிரிக்கவில்லை. "எடுத்த இடத்துலயே வச்சிட்டு வந்துடலாம்."

மறுநாள் பட்டப்பகலில் இருவரும் போனார்கள். அவர் ஏணியைப் பிடித்துக்கொள்ள, அவள் சுவர் உச்சியில் இருந்த காற்றுத் துளை வழியே அடையை உள்ளே விட்டாள். இருவரும் காது கொடுத்துக் காத்திருந்தார்கள்.

"விழுந்துச்சா?"

"சத்தமே வரலியே. உங்களுக்கு?"

"எனக்கும் வரல."

வெகுநேரம் நின்றார்கள். பிறகு அவர் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு விடுவிடுவென்று முன்னால் நடந்தார். அவள் திரும்பிப் பார்க்காமல் பின்னால் போனாள். அன்றோடு இடது காதில் எதுவும் கேட்காமல் போயிற்று.

இப்போதும் ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பெண்ணுக்கு வேடம் தைத்துக் கொடுக்கிறாள். அளவு பார்க்க மட்டும் ஒரு மரப்பொம்மையை வாங்கி வைத்திருக்கிறாள். "என் மேல போட்டுப் பாக்கச் சொல்லாத" என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.