ஐந்து நிமிடத்தில் நின்ற ரத்தம்

வாரத்தில் மூன்று நாள் என் கணவருக்கு டயாலிசிஸ். காரைக்காலில் ஒரு மருத்துவமனையில் காலையில் படுத்தாரென்றால் மதியம் தாண்டித்தான் எழுந்திருப்பார். அந்த நான்கு மணி நேரத்தை எப்படியோ ஓட்டிவிடுவேன். ஊசியை உருவிய பிறகு வருகிற நேரம்தான் எனக்கு ஆகாது.

இடது கையில் இரண்டு தடித்த ஊசிகள். இயந்திரத்துக்குள் ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுப்பதால், ஊசிகளை எடுத்ததும் துளைகள் சட்டென்று மூடாது; அதிலும் கீழ்த் துளைதான் கடைசிவரை கசியும். துணியை மடித்து வைத்து விரலால் பிடிக்க வேண்டும். ரொம்ப அழுத்தினால் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்ளும், தளர்த்தினால் கசியும். மற்றவர்களுக்குக் கால் மணியில் நிற்பது இவருக்கு முக்கால் மணி ஆகும். நர்ஸ்கள் அடுத்த கட்டிலுக்கு ஓட வேண்டும் என்பதால் அந்த வேலையை நானே கற்றுக்கொண்டேன். ஆனால் பொறுமை வரவில்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை விரலைத் தூக்கிப் பார்ப்பேன்.

“எடுத்து எடுத்துப் பாக்காத. அது எப்புடி நிக்கும்?” என்று எரிந்து விழுவார்.

ஒரு மழை நாளில் நர்ஸ் சின்ன வெள்ளைப் பட்டை ஒன்றைப் பிரித்துக்கொண்டு வந்தாள்.

“சார், உங்களுக்கு மருந்து எதுவும் ஒத்துக்காம இருக்கா?”

“அப்புடி எதுவும் இல்லம்மா.”

உண்மைதான். மருந்து எதுவும் அவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போனதில்லை. பட்டையை அந்தக் கீழ்த் துளைமேல் வைத்து, அதன்மேல் என் விரலை வைத்தாள். “அஞ்சு நிமிஷம் போதும்க்கா.”

நான் நம்பவில்லை. ஐந்து நிமிடம் கழித்து அவள் வந்து விரலை எடுக்கச் சொன்னாள். ஒரு சொட்டுகூட இல்லை. அவர் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். “ரெண்டு மணி பஸ்ஸப் புடிச்சுறலாம்” என்று செருப்பைத் தேடினார்.

“இதுல என்ன சிஸ்டர் இருக்கு?” என்று சும்மாதான் கேட்டேன்.

“மருந்து இல்லக்கா. எறா ஓடு, நண்டு ஓட்டுலேர்ந்து எடுக்குறது. ரத்தம் பட்டதும் பச மாதிரி புடிச்சுக்கும்.”

இறால் என்றதும் நான் என் கணவரைப் பார்த்தேன். கல்யாணமான புதிதில் பட்டினச்சேரியில் ஒரு நண்பர் வீட்டு விருந்தில் இறால் தொக்கு சாப்பிட்டு, உதடு வீங்கி, மூச்சு முட்டி, ஊசி போட்டுத்தான் பிழைத்தார். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் இறால் வாங்கியதே இல்லை.

“ஐயோ, இவருக்கு எறா ஆகாதுங்க!”

நர்ஸ் முகம் வெளுத்தது. டாக்டர் ஓடி வந்தார். உப்புத் தண்ணீர் ஊற்றி நனைத்துப் பட்டையை மெதுவாக எடுத்தார்கள். எடுத்ததும் ரத்தம் மறுபடி ஊறியது. பழையபடி துணி, என் விரல்.

ஒரு மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். ஒரு கையால் துளையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் என் கணவரின் சட்டையைத் தூக்கி முதுகில் தடிப்பு இருக்கிறதா என்று பார்த்தேன். உதட்டைப் பார்த்தேன். கழுத்தைப் பார்த்தேன். “மூச்சு நல்லா இருக்கா?” என்று எத்தனை தடவை கேட்டேனோ தெரியாது.

“நீ கேக்குறதுலதாண்டி மூச்சு முட்டுது.”

ஒன்றும் ஆகவில்லை. இறாலில் ஒத்துக்கொள்ளாதது பெரும்பாலும் அதன் சதையில் இருக்கிற புரதம்தான் என்றும், ஓட்டைச் சுத்தம் செய்யும்போது அது ஏறக்குறைய முழுக்கப் போய்விடும் என்றும் டாக்டர் சொன்னார். “ஆனாலும் உங்களுக்கு அன்னிக்கு மூச்சு முட்டியிருக்கு. நாம இதத் தொட வேண்டாம்.” கோப்பின் மேலட்டையில் சிவப்பு மையில் எழுதினார்.

பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். இறங்கும்போதுதான் பேசினார். “நின்னுபோச்சு. நல்லாத்தான் நின்னுச்சு. நீ வாயத் தொறக்காம இருந்துருக்கலாம்.”

எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. “தொறக்காம இருந்து, ஒங்களுக்கு எதாவது ஆயிருந்தா?” என்றேன். அவர் குடையை விரித்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

இப்போது பக்கத்துக் கட்டில்காரருக்கு அந்தப் பட்டையைத்தான் வைக்கிறார்கள். அவர் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார். என் கணவர் அவர் போகிற வழியையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் விரலை எடுக்காமல் உட்கார்ந்திருப்பேன்.