குளக்கரைக் கூடாரத்தில் ஒரு சுவிச்

பற்றரி முனையிற் பூசிய வசிலினின் மணமும், குளிரில் விறைத்த வயரின் இறப்பர் மணமும் ஒன்றாய்க் கலந்து எங்கேனும் என் மூக்கில் ஏறினால், எண்பதுகளின் பிற்பகுதியில் எனக்குப் பதினொரு வயதாயிருந்த அந்தப் பனிக்காலம் அழையாமலே வந்து அருகில் அமர்ந்துகொள்கிறது.

அப்போது ஆங்கில நாட்டுத் தலைநகரின் ஸ்ட்ரெதம் பகுதியில் இரண்டறை வீடொன்றில் வாழ்ந்தோம். மன்னாரிலிருந்து அகதியாய் வந்த சித்தப்பா, கடலிலே தொழில் செய்தவர், வந்த நாள் முதலாகப் பேச்சின்றி, யன்னற் சீலையை இழுத்து மூடிக்கொண்டு ஓர் அறையிற் கிடந்தார். ஊரில் நேர்ந்ததை விசாரணையின்போது அவர் தம் வாயாற் சொல்லாவிடில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று வழக்கறிஞர் எச்சரித்திருந்தார், விசாரணையோ நெருங்கிக்கொண்டிருந்தது. தண்ணீரைக் கண்டாலாவது தம்பியின் நாக்கு அவிழும் என்று எண்ணிய அப்பா, பெற்றோல் நிலையத்து இரவு 'ஷிப்ட்' முடித்த கண்ணெரிச்சலோடு, ஞாயிறுதோறும் எங்களையெல்லாம் நகர்ப்புறத்துக் குளமொன்றுக்கு மீன்பிடிக்க அழைத்துச் செல்லலானார். பிடித்த மீனைத் திரும்பவும் குளத்திலேயே விட்டுவிட வேண்டுமென்பது அவ்விடத்து விதி. "கறிச்சட்டிக்கு வராத மீனுக்கு இவ்வளவு எடுப்போ?" என்று அம்மா சலித்துக்கொள்வார்.

கரையோரப் பனிக்கட்டியைத் தடியால் உடைத்து, அந்தத் துவாரத்திலே தூண்டிலிடுவார்கள். பின்னேரம் நான்கு மணிக்கே இருண்டுவிடும் ஆகையால், அப்பா எங்கள் பச்சைக் கூடாரத்துக்கு வெளிச்சம் அமைத்தார். கழித்துவிட்ட காரொன்றின் பன்னிரண்டு வோல்ற் பற்றரியை, நிலத்துக் குளிர் ஏறாதபடி பலகைமேல் வைத்துக் கம்பளியாற் சுற்றினார். சிவப்பு வயரில், பற்றரிக்கு அண்மையிலேயே 'பியூஸ்' ஒன்றைப் பொருத்தி, கூடாரக் கம்பு வழியே 'ரேப்' நாடாவால் ஒட்டிக் கொண்டுபோய்ச் சிறு பல்புகள் இரண்டிற் சேர்த்தார். கறுப்பு வயர் பற்றரியின் மறுமுனைக்குத் திரும்பியது. "வீட்டில சமைக்கிற குசினியில பல்ப் போய் எத்தினை நாள்! இவர் குளத்துக்கு லைற் போடுறார்" என்றார் அம்மா.

விளக்கு எரிந்தது, வெளியே இருள் திரண்டதும் அணைந்தது. அப்பா பியூஸைச் சோதித்தார்; அது பழுதின்றி இருந்தது. கறுப்பு வயர்தான் முனையிலிருந்து கழன்று கிடந்தது. அதை இறுக்கினார். அடுத்த ஞாயிறும் கழன்றது. வயரை மாற்றினார், முனையைச் சுரண்டி வசிலின் பூசினார், குளிரில் இரும்பு சுருங்குகிறது என்று தமக்குத் தாமே காரணமுங் கூறிக்கொண்டார். மறுபடியும் இருள் வந்தது. மறுபடியும் விளக்குப் போனது.

"இஞ்சருங்கோ," என்றார் தேநீர் வார்த்துக்கொண்டிருந்த அம்மா, "உங்கட வயரில பிழையில்லை. தம்பியின்ர கையைப் பாருங்கோ."

பற்றரியோடு ஒட்டி அமர்ந்திருந்த சித்தப்பாவின் கை, கம்பளிக்குள்ளிருந்து மெல்ல வெளிவந்தது. பிடித்திருந்த கறுப்பு வயரை விட்டுவிட்டு அவர் பேசினார்.

"கடலில வெளிச்சத்தைக் கண்டால் நேவிக்காரர் சுடுவாங்களெல்லோ அண்ணை. லாம்பை நூர், அணைச்சுப்போடு எண்டு கத்தினனான். வள்ளத்தில என்னோட வந்த அந்தோனிக்குக் கேக்கேல்லை."

அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்ட முதற் பேச்சு அதுவே. "இது கடலில்லையடா, குளம்" என்று சொல்ல அப்பா வாயெடுத்ததையும், சொல்லாமல் விட்டதையும் நான் கண்டேன்.

அடுத்த ஞாயிறு அப்பா செய்த வேலை சிறிது. சிவப்பு வயரை இடையில் வெட்டி, பழைய கார்ச் சுவிச்சொன்றைப் பொருத்தி, சித்தப்பாவின் முழங்காலருகே கட்டினார். "இனி வயரைப் பிடுங்காதை. உனக்கு எப்ப நூர்க்கவேணுமெண்டாலும் நூர்."

இருள் வந்ததும் சித்தப்பா அதை அழுத்தினார். கூடாரம் கறுத்தது. தம் கையாலேயே ஆக்கிய அந்த இருளினுள், எவருடைய முகமும் தெரியாத நிலையில், அந்தோனியையும் வள்ளத்தையும் பற்றி அவர் சொல்லத் தொடங்கினார். தேநீர் ஆறிப்போயிற்று. அங்கே சொல்லிப் பழகியதையே அவர் விசாரணையிலும் சொன்னார். இந்நாட்டில் இருக்க விட்டார்கள்.

அந்தக் குளத்தை மூடிக் குடியிருப்புகள் எழுந்துவிட்டன, கூடாரம் உக்கிப்போயிற்று, அப்பாவும் இல்லை. நகரின் மறுகோடியில், பார்க்கிங் என்னும் பகுதியில் வசிக்கும் சித்தப்பாவைச் சென்ற மார்கழியிற் பார்க்கப் போயிருந்தேன். அறை இருண்டுவரவே, எழுந்து சுவரிலுள்ள சுவிச்சிற் கைவைத்தேன்.

"கொஞ்சம் பொறு பிள்ளை," என்றார். "உன்ர கொப்பர், என்ர அண்ணையைப் பற்றி ஒண்டு சொல்லவேணும்."

கையை எடுத்துக்கொண்டு அமர்ந்தேன்.