சாகப்போகிறவனுக்குப் பெயர் வைக்காதே

பஞ்சக்காவின் வேலை, ஆள் செத்த பிறகுதான் தொடங்கும்.

வாரம் ஒருமுறை வரும் படக்கதைப் பத்திரிகை அது. கதாநாயகன் கொள்ளிக்கண்ணன். அவன் முறைத்தால் எதிரில் இருப்பது பற்றி எரியும். கதவை முறைத்தால் கதவு, காரை முறைத்தால் கார், ஆளை முறைத்தால் ஆள். எரிந்து அடங்கியதும் மேலங்கி காற்றில் படபடக்கத் திரும்பி நின்று ஒரு வரி சொல்வான். வாசகர்கள் அதைப் படித்துச் சிரித்துவிட்டுத்தான் அடுத்த பக்கம் போவார்கள். கதை ஒருவருடையது, படம் ஓவியருடையது, அந்த ஒரு வரி மட்டும் அவளுடையது. அலுவலகத்தில் அதற்கு ‘பஞ்ச்’ என்று பெயர். அதை எழுதுகிறவள் பஞ்சக்கா ஆனாள். பத்திரிகை ஆசிரியர்கூட, அவளைவிட வயதில் மூத்தவர், அப்படித்தான் கூப்பிடுவார்.

பிழை திருத்துகிறவளாகத்தான் அங்கே சேர்ந்தாள். ஒரு வாரம், சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த காவலாளியைக் கொள்ளிக்கண்ணன் சாம்பலாக்கிய பக்கத்தில், கதாநாயகன் வாயிலிருந்து கிளம்பும் வசன பலூன் காலியாக இருந்தது. வசனம் எழுதுகிறவருக்கு அன்றைக்குக் காய்ச்சல். அவள் பென்சிலால் விளையாட்டாக எழுதி வைத்தாள்: ‘புகை உடம்புக்கு ஆகாதுன்னு யாரும் சொல்லலையா?’ ஆசிரியர் சிரித்த சிரிப்பில் அவர் மூக்குக்கண்ணாடி மேசையில் விழுந்தது. மறுவாரமே அந்த வேலை அவளுக்கு வந்துவிட்டது. கூடவே ஒரே ஒரு விதியும் வந்தது.

“சாகப்போறவனுக்குப் பேர் வைக்காதீங்கம்மா” என்றார் ஆசிரியர். “பேர் வச்சா படிக்கிறவன் ஐயோம்பான். ஐயோன்னுட்டா அப்புறம் சிரிக்க மாட்டான்.”

அந்தப் பத்திரிகையில் பெயர் வில்லனுக்கு உண்டு. அவன் சாகவே மாட்டான், ஒவ்வொரு கதையின் முடிவிலும் தப்பித்து ஓடுவான். செத்தவர்கள் எல்லாம் மொட்டை, தடியன், கோடு போட்ட சட்டை. இத்தனை வருடத்தில் ஒரு சின்ன ஊரே எரிந்து போயிருக்கும். அதில் ஒருவரையும் கூப்பிடப் பெயர் கிடையாது.

வீட்டில் அவளுக்குச் சோதனைக்கூடம் அவள் கணவர்தான். மின்சார அலுவலகத்தில் மீட்டர் பார்க்கிறவர், வீடு வீடாக ஏறி இறங்குகிறவர். காலையில் டீயைக் கையில் வாங்கியதுமே கேட்பார்.

“இந்த வாரம் ஆள் எப்படிச் சாகறான்?”

“ஐஸ் ஃபேக்டரியில. எரிஞ்சு.”

“சொல்லு, சொல்லு.”

அவள் சொல்வாள். “சுமார்” என்றால் திருத்துவாள். டீ மூக்கில் ஏறிப் புரையேறினால் பாஸ். மீட்டர் பார்க்கப் போன வீட்டிலேயே அந்த வரியை யாராவது சொல்லிக் கேட்டால் சாயங்காலம் வந்து, “உன் ஆள் இன்னும் எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கான்” என்பார். அவளுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

அலுவலகத்தில் ஒரு பழக்கம் இருந்தது. ஓவியருக்கு முகங்கள் வேண்டும், வாரா வாரம் புதுப்புது அடியாள் முகம். அவர் அலுவலகத்து ஆட்களின் முகத்தையே போட ஆரம்பித்தார். புதிதாகச் சேருகிறவரை முதலில் கொன்றாக வேண்டும், அப்போதுதான் அவர் அந்த இடத்தின் ஆள். செத்தவர்தான் மற்ற எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுக்க வேண்டும். அச்சகத்துக்காரர், தபால் பிரிக்கும் பெண், தண்ணீர் கேன் போடுகிறவர், ஒருத்தரையும் விட்டு வைக்கவில்லை. கணக்கர் தன் சாவுக்குச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டினார். இந்த வீட்டில் மாப்பிள்ளை நன்றாக விழுந்த படம் இது ஒன்றுதான் என்று அவருடைய மாமியார் சொன்னாராம்.

மிச்சமிருந்தவர் லிஃப்ட்காரர். அவர் பத்திரிகையின் ஆள் இல்லை, கட்டடத்தின் ஆள். இரட்டைக் கம்பிக் கதவு போட்ட பழைய லிஃப்ட், உள்ளே ஒரு முக்காலி, திருப்பினால் ஏறி இறங்கும் பித்தளைப் பிடி. கதவை இழுத்துச் சாத்தும்போது, ஒருவர் இருந்தாலும் ஒன்பது பேர் இருந்தாலும், ஒரே குரலில் சொல்வார்: “கையக் காலை உள்ள வச்சுக்குங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்.” மேல்மாடிக்குப் போகிறவர்கள் அதைக் கேட்டபிறகுதான் கைப்பையைச் சரிசெய்துகொள்வார்கள். லிஃப்ட் கிளம்புகிற சத்தத்தில் அதுவும் ஒன்று.

“என்னக்கா, எல்லாரையும் கொன்னுட்டீங்க, என்னைய மட்டும் விட்டுவச்சிருக்கீங்க” என்றார் ஒருநாள். “நான் என்ன பாவம் பண்ணேன்?”

“உங்களைக் கொன்னுட்டா எங்களை யாரு மேல ஏத்திவிடறது?”

“அதெல்லாம் செத்துட்டே ஏத்திவிடறேன், போடுங்க.”

அந்த வாரக் கதையில் வில்லனின் கோபுரத்து வாசலில் ஒரு காவலாளி எரிய வேண்டும் என்று இருந்தது. அவள்தான் மாற்றினாள். வாசல் வேண்டாம், கோபுரத்துக்குள் லிஃப்ட் இருக்கட்டும். கொள்ளிக்கண்ணன் ஆளை முறைக்க வேண்டாம், கயிற்றை முறைக்கட்டும். ஓவியர் மேசையைத் தட்டினார். லிஃப்ட்காரரின் மூக்கு, முன்வழுக்கை, கழுத்துப் பட்டனைப் போட்டே வைத்திருக்கும் பழக்கம், எல்லாம் அப்படியே வந்தது. கடைசிக் கட்டத்தில் கறுப்புப் பள்ளம், கீழே போகும் பெட்டி, கம்பிக்கு வெளியே நீட்டிய ஒரு கை. மேலேயிருந்து குனிந்து கொள்ளிக்கண்ணன் சொல்கிறான்: ‘கையக் காலை உள்ள வச்சுக்குங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்.’

கணவருக்குப் புரையேறியதில் சட்டையை மாற்றிக்கொண்டு வேலைக்குப் போக வேண்டியதாயிற்று.

அதைப்போல ஒரு வரி அதற்குமுன் ஓடினதில்லை. பேருந்தில் சொன்னார்கள், ஊசி போடும்போது நர்ஸ் சொன்னாராம். லிஃப்ட்காரரிடம் புத்தகத்தைக் கொடுத்தபோது அவர் அந்தப் பக்கத்தை நிறைய நேரம் பார்த்தார். “மூக்கு அப்படியே இருக்கு” என்றார். எல்லாருக்கும் டீ வந்தது. அவள் குடித்தாள்.

லிஃப்டில் ஒரு சத்தம் குறைகிறது என்று அவளுக்குப் பட்டது அதற்குப் பிறகுதான். கதவு சாத்தும் சத்தம் இருந்தது, பிடி திரும்பும் சத்தம் இருந்தது. நடுவில் வரவேண்டியது வரவில்லை. அந்த இடத்தை மற்றவர்கள் நிரப்பினார்கள். இரண்டாம் மாடி வக்கீல் குமாஸ்தாக்கள் கூட்டமாக ஏறி அவரைப் பார்த்து, “அண்ணே, கையக் காலை உள்ள வச்சுக்குங்க!” என்று ஒரே குரலில் கத்திச் சிரிப்பார்கள். அவரும் பல்லைக் காட்டுவார்.

மழை பெய்த ஒரு மதியம், லிஃப்டில் அவளும் அவரும் மட்டும்.

“என்ன, வசனம் மறந்துபோச்சா?” என்றாள்.

“அது இப்ப உங்க வசனம்தானேக்கா.”

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. பிடியைத் திருப்பியபடியே, அவளைப் பார்க்காமல் சொன்னார்.

“அது எங்க அண்ணன் சொல்றதுக்கா. அவன்தான் இதுக்கு மெக்கானிக்கா இருந்தான். என்னைய முதமுதல்ல ஏத்திட்டுப் போனப்ப சொன்னான், நான் பயந்து கம்பியப் புடிச்சுக்கிட்டேன். அப்புறம் ஒருநாள் கயிறு மாத்தறப்ப...” கண்ணைத் தரைப்பக்கம் காட்டினார். “இந்தப் பள்ளந்தான். அதுக்கப்புறம் இந்த வேலைய எனக்குக் குடுத்தாங்க. நானும் அதையே சொல்லிக்கிட்டிருந்தேன்.”

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே” என்றாள். சொன்ன பிறகு அது எவ்வளவு கேவலமான பேச்சு என்று தெரிந்தது.

“என்னன்னு சொல்றது? கொல்லுங்கன்னு நான்தானே கேட்டேன். எல்லாரையும் மாதிரி எரிப்பீங்கன்னு நெனச்சேன். எரிச்சிருந்தா நானும் சட்டம் போட்டு மாட்டியிருப்பேன்.”

அவள் வேறு ஏதோ மாடியில் இறங்கிப் படியேறிப் போனாள். அவளை அதிகம் உறுத்தியது அவர் சொன்ன சாவுகூட இல்லை. ‘எரிச்சிருந்தா சட்டம் போட்டு மாட்டியிருப்பேன்’ என்று அவர் சொன்ன நொடியில், அவளுக்குள் இருந்த ஏதோ ஒன்று, நல்ல வரி, குறித்து வை என்றது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொன்னது.

மறுநாள் காலை கணவர் டீயை வாங்கிக்கொண்டு வழக்கம்போலக் கேட்டார். “ஆள் எப்படிச் சாகறான்?”

“தெரியல.”

நடந்ததைச் சொன்னாள். அவர் டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “நானுந்தான் சிரிச்சேன்” என்றார். பிறகு, “நீ என்ன வேணும்னேவா பண்ணே? உனக்குத் தெரியாதுல்ல?”

“தெரியாதுதான். ஆனா வாசல்ல சும்மா எரிஞ்சிருக்க வேண்டியவன். நான்தான் லிஃப்டத் தேடிப் போனேன். அந்த மனுஷன் வாயில இருந்ததப் புடுங்கி அவரையே அடிச்சா நல்லாருக்கும்னு தோணுச்சு. நல்லாவும் இருந்துச்சு.”

அவர் டம்ளரைக் கழுவி வைத்தார். மீட்டர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அந்தச் சமயத்தில் வருடத்துக் கதைகளைச் சேர்த்து ஒரு தொகுப்பு அச்சுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. அவள் ஆசிரியர் அறைக்குப் போனாள். லிஃப்ட்காரர் தன்னிடம் சொன்னதை வெளியே சொல்லத் தனக்கு உரிமை இல்லை என்று முடிவுசெய்திருந்தாள். அதனால் அவள் வாதத்துக்குக் கால் இல்லை.

“அந்த லிஃப்ட் வரிய எடுத்துடலாம் சார்.”

“எதை? அட்டையிலயே அதத்தான் போடப்போறோம்.”

“மனசுக்குச் சரியாப் படல.”

“என்னம்மா இது? ஊர்ல பாதிப் பேர எரிச்சுட்டு, ஒருத்தன் விழுந்ததுக்கு இப்பத் துக்கம் கேக்கறீங்க? அதெல்லாம் கட்டத்துக்குள்ள இருக்கறவங்கம்மா. அவனுக்கு அம்மா இருக்கா, அப்பா இருக்கா?”

பாதி ஊர் என்று அவர் சொன்னது கேலிக்குத்தான், ஆனால் சரியாக இருந்தது.

“வரியில ஒரு எழுத்து மாறக் கூடாது” என்றார் அவர். “மத்தபடி பக்கத்துல பிழை கிழை இருந்தாப் பாத்துக்குங்க.”

அன்று சாயங்காலம் லிஃப்டில் கூட்டம் இறங்கும்வரை காத்திருந்தாள்.

“உங்க அண்ணன் பேர் என்ன?”

“எதுக்குக்கா?”

“அந்தப் பக்கத்துல போடணும்.”

அவர் கை பிடியிலேயே நின்றது. லிஃப்ட் தரைக்கு வந்தும் கதவைத் திறக்கவில்லை. “கேலிக்கா?”

“இல்ல. கேலிய நிறுத்தறதுக்கு. உங்களுக்கு வேணாம்னா வேணாம், விட்டுடறேன்.”

வெளியே இரண்டு பேர் கம்பியைத் தட்டினார்கள். அவர் திறப்பதற்குமுன், குனிந்து, பெயரைச் சொன்னார். சாதாரணப் பெயர், எந்தத் தெருவிலும் இரண்டு பேருக்கு இருக்கும்.

மறுநாள் ஓவியர் மேசையில் பக்கத்தை விரித்தாள். முதல் கட்டத்தில் காவலாளி லிஃப்டுக்குள் சும்மா நிற்கிறான், கதை இன்னும் ஆரம்பிக்கவில்லை. அவன் தலைக்கு மேல் இடம் காலியாக இருந்தது.

“இங்க ஒரு சின்ன பலூன். வால் கட்டத்துக்கு வெளிய போகட்டும். யாரோ மேலருந்து கூப்பிடறாங்க.”

“என்ன எழுதட்டும்?”

லிஃப்ட்காரர் சொன்ன பெயரைச் சொன்னாள். பிறகு, “சாப்பிட்டியா?”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

ஓவியர் எழுதினார். மை காயக் காத்திருக்கும்போது பக்கத்தை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தார். அவரே வரைந்து, அவரே பலமுறை சிரித்த பக்கம். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனாவை மூடினார்.

“அக்கா, பஞ்ச் செத்துப்போச்சு.”

“ம்.”

“தெரிஞ்சேதானா?”

“தெரிஞ்சேதான்.”

அவர் எழுந்து போய்ப் பக்கத்தை அச்சுக்குப் போகும் பக்கங்களோடு வைத்துவிட்டு வந்தார்.

தொகுப்பு வந்ததும் ஒரு பிரதியைக் கணவரிடம் கொடுத்தாள். அவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டே படித்தார். கடைசிக் கட்டத்தில் டம்ளரைக் கீழே வைத்தார்.

“யாரு இவன்?” என்றார்.

அத்தனை சாவு சொல்லியிருக்கிறாள் அவரிடம். ஒருமுறைகூட அவர் அதைக் கேட்டதில்லை.

வாசகர் கடிதங்களில் சிலர், லிஃப்ட் காட்சி முன்னைப்போல இல்லை, ஏன் மாற்றினீர்கள் என்று எழுதியிருந்தார்கள். ஆசிரியர் பழைய இதழையும் தொகுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கடைசி வரியை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். “மாத்தலையே” என்று முணுமுணுத்தார். சற்றுப் பொறுத்து அவர் கண் மேலே, முதல் கட்டத்துக்குப் போயிற்று. அங்கேயே நின்றது. அவளை நிமிர்ந்து பார்த்தார், பிறகு புத்தகத்தை மூடி இழுப்பறையில் போட்டார்.

வேலையை விட்டாளா என்றால், விடவில்லை. வீட்டு வாடகைக்கு அவளுடைய சம்பளமும் வேண்டும். இப்போதும் வாரம் ஓர் ஆள் எரிகிறான், அவள் வரி எழுதுகிறாள். ஆனால் எழுத உட்கார்ந்தால் மொட்டைக்கு ஒரு பெயர் தோன்றிவிடுகிறது, தடியனுக்கு ஒரு பெயர். சில வாரம் அதை மீறி எழுதிவிடுகிறாள். சில வாரம் முடியவில்லை. ஆள் எரிவதற்குமுன் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடிவிடுகிறான். பஞ்சக்காவுக்கு வயதாகிவிட்டது என்று அலுவலகத்தில் பேச்சு.

லிஃப்ட்காரருக்குப் பிரதியை அவள் கையால் கொடுக்கவில்லை. முக்காலியின் மேல் வைத்துவிட்டு, அவர் தண்ணீர் குடிக்கப் போயிருந்த நேரத்தில் படியேறிவிட்டாள். அதன்பிறகு சில நாள் படிதான். முழங்கால் ஒத்துக்கொள்ளாமல் ஒரு காலையில் மறுபடி லிஃப்டில் ஏறினாள். வேறு யாரும் இல்லை.

அவர் கதவை இழுக்காமல் நின்றார்.

“அன்னிக்கு நான்தான்க்கா சோறு கொண்டாந்தேன்” என்றார். “சாப்பிட்டுட்டுத்தான் ஏறினான்.”

தலையை மட்டும் ஆட்டினாள்.

வெளிக்கதவை இழுத்தார், உள்கதவை இழுத்தார். பிடியில் கை வைத்தார்.

“கையக் காலை உள்ள வச்சுக்குங்க” என்றார், அவளைப் பார்க்காமல்.

அவள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். லிஃப்ட் கிளம்பியது. ஒவ்வொரு மாடியும் கம்பிக்கு அப்பால் கீழே போயிற்று. மிச்ச வரிக்காக அவள் காத்திருந்தாள். அவளுடைய மாடி வந்து, கதவு திறந்து, இறங்கி நின்ற பிறகும் அவர் அதைச் சொல்லவில்லை.