படகில் விளைந்த புலாக்கா

மகள் கல்யாணப் பந்தியில் சொந்தப் புலாக்காக் கிழங்கு இல்லாமல் கப்பலில் வந்த அரிசியை மட்டும் பரிமாறினால் தன் மானம் போய்விடும் என்பது வலிசியின் கட்சி. பசிபிக் தீவுநாடான தூவாலுவில் அந்த ரோஷம் இல்லாத குடும்பம் கிடையாது. ஆனால் புலாக்கா நன்னீர் ஊறும் ஆழக் குழியில்தான் விளையும்; தலைநகர்த் தீவான ஃபுனாஃபுட்டியில் குழிக்கு எங்கே போவது? புருஷன் வீட்டின் பெரிய குழி, உலகச் சண்டைக் காலத்தில் அமெரிக்கப் பட்டாளத்தார் போட்ட விமான ஓடுபாதைக்கு அடியில் கிடக்கிறது. மிஞ்சிய சின்னக் குழியிலும் உப்பு ஏறிவிட்டது. இங்கே கடல் கரையேறி வருவதில்லை. காலடி மண்ணிலிருந்தே ஊறி வரும்.

செத்த குழியிலிருந்து தப்பிய ஒரே கன்றை வலிசி கையில் எடுத்தாள். மறைந்த புருஷனின் அலுமினியப் படகை முற்றத்துக்கு இழுத்து, ஓட்டைகளைத் தாரால் அடைத்து, மண்ணும் இலைச் சருகும் நிரப்பி நட்டாள்.

கொழுந்தன் செமேசே வேலியோரம் நின்று சிரித்தான்.

"என்ன அண்ணி, கெழங்க மீன் புடிக்கக் கூட்டிட்டுப் போறீங்களா?"

"ஆமா கொழுந்தனாரே. நீங்கதான் கடலுக்குப் போயி வெறுங்கையோட வர்றீங்க, இதாச்சும் புடிக்கட்டும்."

விமானம் வராத சாயங்காலம் ஊரே ஓடுபாதையில் பந்தாடும்போது அவள் ஓரத்தில் சருகு பொறுக்கினாள். மழை பொய்த்த வருஷம் தான் குளிக்க வேண்டிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றினாள். ஊர் மூக்கைப் பொத்தியது. அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் பெரிய கடல் ஏற்றம் வந்தது. முற்றமெல்லாம் குமிழிவிட்டு உப்புநீர் எழும்பியது. செமேசே தனியாகத் தோண்டி வைத்திருந்த குழியில் இலையெல்லாம் ஒரே நாளில் மஞ்சளானது. வலிசி முழங்கால் தண்ணீரில் நின்று, படகுச் சேற்றில் விரல் விட்டு நக்கிப் பார்த்தாள். உப்பே இல்லை. அங்கேயே அழுதாள்.

பந்தியில் அவள் வைத்த கிழங்கு பெரிதல்ல, ஒரு தேங்காய் அளவுதான். ஆளுக்கு ஒரு வாய். மாப்பிள்ளை வீட்டார் யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் தீவிலும் அந்த ஏற்றம் வந்திருந்தது.

செமேசே தன் பங்குக் கிழங்கை வெகுநேரம் மென்றான். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணி, பக்கக் கன்னு ஒண்ணு குடுப்பீங்களா?"

"எங்க நடுவீங்க?"

"என் படகுலதான்."

"அப்ப மீனுக்கு?"

"நீந்திப் போறேன்."

வலிசி சிரிக்கவில்லை. எழுந்து கன்றை எடுத்துவரப் போனாள்.