மந்தத்துக்குக் கடுக்காய்

வயிற்றில் ஒரு கோளாறும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் என் மனைவி என்னை முற்றத்தில் உட்காரவைத்து, விளக்கெண்ணெய் குடிக்கவைத்தாள். ரங்கூனிலிருந்து அவள் தம்பி எழுதிய கார்டுதான் அதற்குக் காரணம்.

என் மைத்துனன் அங்கே ஒரு செட்டியாரின் வட்டிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். அதே செட்டியாரின் காரைக்குடிக் கடையில்தான் நானும் பணம் போட்டிருந்தேன். மூத்த மகள் பிறந்த வருஷத்திலிருந்து மாதம் மூன்று ரூபாய். பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியாருக்கு அதற்குமேல் ஒதுக்க வழியில்லை. பதினாறு வருஷத்தில் வட்டியும் முதலுமாக எண்ணூறு ரூபாய் சொச்சம் ஆகியிருந்தது. அவள் கல்யாணத்துக்கு என்று எங்களிடம் இருந்தது அது ஒன்றுதான்.

கார்டில் இருந்தது இவ்வளவே: "இங்கே எல்லோருக்கும் பெரிய மந்தம். உள்ளே போனது எதுவும் வெளியே வருகிற வழியாக இல்லை. முதலாளிக்கும் அப்படியே. அங்கும் பரவும் என்கிறார்கள். அத்தானும் தாமதிக்காமல் வெளியே எடுத்துவிடவும்."

நான் உரக்கப் படித்து முடிக்கவில்லை, மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"கண்ட கருவாட்டையும் தின்னுருப்பான். படிச்சுப் படிச்சுச் சொன்னேன். ஏங்க, முதலாளிக்குமா வயிறு கட்டியிருக்கு?"

"அப்படித்தான் எழுதியிருக்கான்."

"பரவும்னு வேற எழுதியிருக்கானே! இப்பவே நீங்களும் எடுத்துக்கங்க."

அப்படியாக எனக்கு விளக்கெண்ணெய். மைத்துனனுக்குச் சுக்கு, ஓமம், ஒரு படி கடுக்காய். முதலாளிக்கும் சேர்த்து அளவு கூட்டிப் போட்டாள். எல்லாவற்றையும் துணியில் முடிந்து, கப்பலேறப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பினோம். அன்று பிற்பகல், உடம்பில் தெம்பே இல்லாமல், வகுப்பில் நான் நடத்த வேண்டிய பாடத்தைத் தயார் செய்தேன். பாடம் சிலேடை. ஒரே சொல் இரண்டு பொருள் தந்து நிற்கும் அழகைப் பற்றி மறுநாள் முக்கால் மணி நேரம் பேசினேன். நன்றாகவே பேசினேன்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. இந்த முறை தபாலில் அல்ல, ஊர் திரும்பிய ஒருவரின் சட்டைப்பைக்குள். "கடுக்காய் கிடைத்தது. அத்தான், மந்தம் வயிற்றுக்கு இல்லை, வியாபாரத்துக்கு. நெல் விலை விழுந்துவிட்டது. கடன் வாங்கியவர்கள் திருப்பிக் கட்டவில்லை. கடையிலிருந்து போகும் கார்டுகளை இங்கே கடையை நடத்தும் மேலாள் படித்துவிட்டுத்தான் தபாலில் சேர்ப்பார். அதனால்தான் பூடகமாக எழுதினேன். தமிழ் வாத்தியாருக்குப் புரியும் என்று நம்பினேன்."

கடைசி வரியை நான் மனைவிக்குப் படித்துக் காட்டவில்லை. அவளே கடிதத்தை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"ஒரு மாசம் போச்சே! எண்ணெய் குடிச்ச நேரத்துக்குக் கடைக்குப் போயிருந்தா..."

"குடிக்கச் சொன்னது யாரு?"

"படிச்சது யாரு?"

சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் புறப்பட்டேன்.

பயந்துபோய்ப் பணம் கேட்கிறேன் என்று தெரியக்கூடாது. தெரிந்தால் கொடுக்கமாட்டார்கள், மைத்துனன் பிழைப்பும் போகும். செக்காலை ரோட்டில் நடக்கும்போதே ஒரு பொய்யைச் செய்து எடுத்துக்கொண்டேன். மகளுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகிவிட்டது என்பதுதான் அந்தப் பொய்.

போன வாரம்தான் ரங்கூனிலிருந்து திரும்பியிருந்த செட்டியார் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடையில் வழக்கமான பேச்சு இல்லை. நான் பொய்யைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. பணம் என்றதும் விசிறி நின்றது.

"மாப்பிள்ளை எந்த ஊரு?"

"சாக்கோட்டை."

"என்ன பாக்குறாக?"

"வாத்தியார் வேலை." வேறொரு உத்தியோகம் அந்த நேரத்தில் என் வாயில் வரவில்லை.

"நல்லது, நல்லது. ரொக்கம்தான் இப்பக் கொஞ்சம்... ரங்கூன்ல இருந்து வரணும். அடுத்த மாசம் வாங்களேன்."

நான் எழுந்தேன். அப்போது உள்கட்டு வாசலிலிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது.

"வாத்தியாரய்யா, இங்குட்டு வாங்க. கல்யாணத்துக்குப் பணம் கேக்குறீக. அதை வச்சு என்ன வாங்கப் போறீக?"

"சாமான்தான் ஆச்சி. அண்டா, குடம், தாம்பாளம்..."

சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நகை என்றாவது சொல்லியிருக்கலாம்.

"அதுக்கு எதுக்குப் பணம்? சாமான் எங்கிட்ட இருக்கு. கடைவிலை போட்டு எடுத்துக்கிடுங்க."

அறைக் கதவைத் திறந்தார். செட்டிநாட்டில் பெண் பிறந்தால் அன்றிலிருந்து பாத்திரம் சேர்ப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அன்றுதான் அதை நான் கண்ணால் பார்த்தேன். உத்தரம்வரை பித்தளை, அதற்குப் பின்னால் வெண்கலம், அதற்கும் பின்னால் மங்குப் பீங்கான் தட்டுகள். என் பதினாறு வருஷச் சேமிப்பை இந்தக் குடங்களாக நான் தூக்கிக்கொண்டு போகவேண்டும். மாட்டேன் என்றால் கல்யாணம் பொய் என்றாகும்.

"இது எங்க அப்பச்சி எனக்கு வச்ச சீரு" என்றார் ஆச்சி, தன் தகப்பனாரைச் சொல்லி. "கடைக் கணக்குக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. யாரும் கேக்கமுடியாது."

செட்டியார் திண்டில் சாய்ந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆச்சி ஒவ்வொன்றாக எடுத்துவைத்து விலை சொன்னார். எண்ணூறுக்கு மேலேயே போனது, அவர் நிறுத்தவில்லை. கடைசியில் நான் கும்பிட்டபோது குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சாக்கோட்டையில எனக்குத் தெரியாத வீடு கிடையாது, வாத்தியாரய்யா. அங்க ஒரு வாத்தியார்தான். அவருக்குப் பேரன் இருக்கான். மாப்பிள்ளை கிடைச்சதும் மறக்காமச் சொல்லிவிடுங்க."

கும்பிட்ட கையை இறக்காமலே வெளியே வந்தேன்.

இரண்டு மாட்டுவண்டிகள். அவை செக்காலை ரோட்டில் கலகலவென்று போக, நான் பின்னால் நடந்தேன். பொய்யை ஊர் முழுவதும் தம்பட்டம் அடித்துச் சொல்லச் சொன்னால்கூட அவ்வளவு சத்தம் வந்திருக்காது. வீட்டில் மனைவி வண்டிகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பணம் எங்கிட்டு?"

"இதுதான் பணம்."

"இதை எங்கிட்டு வைக்க?"

அந்தக் கேள்விக்கு மட்டும் விடை இருந்தது: எல்லா இடத்திலும். கட்டிலுக்குக் கீழே, அடுப்படிப் பரணில், என் புத்தக அலமாரி இருந்த மூலையில். மகள் அண்டாவுக்குள் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டாள். வேறு இடம் இல்லை என்றாள்.

இருபது நாளில் கடை மூடியது. பணம் போட்டவர்கள் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தச்சர், எனக்குத் தெரிந்த ஒரு கைம்பெண், எங்கள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர். அவர்களிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மைத்துனனுக்காக வாயை மூடிக்கொண்டேன் என்று என்னிடமே சொல்லிக்கொள்கிறேன். அது முழு உண்மை இல்லை.

மறு வருஷம் பக்கத்து ஊரிலிருந்து நிஜமாகவே ஒரு மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். பாத்திரங்களை வரிசையாக அடுக்கியிருந்தோம். அதில் ஒரு சிக்கல். எல்லாவற்றிலும் ஆச்சியின் பிறந்த வீட்டுப் பெயரின் முதலெழுத்துகள் உளியால் வெட்டப்பட்டிருந்தன. எழுத்து இருக்கும் பக்கத்தை நானும் மனைவியும் காலையிலிருந்து சுவரைப் பார்க்கத் திருப்பிவைத்திருந்தோம்.

மாப்பிள்ளையின் தாயார் பலகாரத்தைத் தொடவில்லை. நேராகப் போய் ஒரு குடத்தைத் தூக்கினார், எடை பார்த்தார், திருப்பினார்.

"இது யாரு வீட்டு எழுத்து?"

நான் ஒரு பொய்யைத் தேடினேன். மனைவி முந்திக்கொண்டாள். கார்டு, கடுக்காய், சாக்கோட்டை, ஆச்சி என்று ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். விளக்கெண்ணெயையாவது விட்டிருக்கலாம். மகள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இந்தச் சம்பந்தம் போனது என்று நான் வேட்டி நுனியைப் பிசைந்தேன்.

அந்த அம்மாள் குடத்தைக் கீழே வைக்கவில்லை.

"எங்க பணமும் அந்தக் கடையிலதான் கிடந்துச்சு. ஐந்நூறு ரூபா. எங்களுக்கு ஒரு கரண்டிகூடத் தேறலை."

அவர் குடத்தை இடுப்பில் வைத்துப் பார்த்தார். வரிசையை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"ரொக்கம் ஒண்ணும் வேணாம். எழுத்தையும் அழிக்க வேணாம். இந்தச் சாமானும் பொண்ணும் போதும். எங்க ஐந்நூறு இந்த வழியா வீடு வந்துருச்சுன்னு நெனச்சுக்கிறோம்."

பரிசம் போட்ட அன்று சம்பந்தியம்மாள் என் மகளைப் பார்த்த நேரத்தைவிட அந்தப் பெரிய அண்டாவைப் பார்த்த நேரம்தான் அதிகம். மகள் அதைக் கவனித்துவிட்டுச் சிரித்தாள். கல்யாணம் முடிந்து வண்டிகள் கிளம்பியதும், ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக, எதிலும் இடித்துக்கொள்ளாமல் என் வீட்டுக்குள் நடந்தேன்.