எங்களைப் பெரட்டில் நிற்க வைத்த பட்டன்

நம்மை யாரும் தேடி வராதபடி ஒரு வேலையைச் செய்து முடித்தால் அது நல்ல வேலையா, இல்லை நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் ஆப்பா? இன்னும் எனக்கு விடை தெரியவில்லை.

கடந்த மழைக்காலத்தில், இலங்கை மலையகத்தில் எங்கள் ஊரான வட்டவளையில் நடந்தது இது. கொழும்பு மென்பொருள் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். எங்கள் டெவலப்பர்கள் எழுதும் நிரல்களைச் சோதித்துப் பார்க்க சர்வர் அமைத்துக் கொடுப்பது என் பொறுப்பு. ஒவ்வொன்றுக்கும் எனக்குத்தான் போன் வரும். வேண்டிய சர்வரை அவர்களே எடுத்துக்கொள்ளும்படி ஒரு இணையப் பக்கம் செய்யச் சொன்னார்கள். செய்தேன். ஆனால் யாராவது எதையாவது தவறாக அழுத்திவிட்டால்? அந்தப் பயத்தில், கடைசியில் நான் அனுமதிக்க வேண்டும் என்று ஒரு பட்டனையும் வைத்தேன்.

பொகவந்தலாவையிலிருந்து எங்களுக்கு வேலை செய்யும் டெவலப்பர் பெண் ஒருத்தி போனில் சிரித்தாள்.

"என்னக்கா, நீங்களே எடுத்துக்கங்கன்னு எழுதிட்டு எங்கள பெரட்டுல நிக்க வச்சிட்டீங்களே. கங்காணி எப்ப பேர் கூப்புடுவாருன்னு பாத்துக்கிட்டே இருக்கோம்."

பெரட்டு, தேயிலைத் தோட்டத்து ஆட்கள் காலையில், மேற்பார்வை பார்க்கும் கங்காணி பேர் கூப்பிட்டு வேலை பிரித்துத் தருவதற்காகக் காத்து நிற்கும் இடம். என் அம்மா மழையிலும் நின்ற இடம். சுருக்கென்றது. பட்டனை எடுத்துவிட்டேன். ஒருவர் சர்வரில் இன்னொருவர் கைவைக்க முடியாதபடி அந்தப் பக்கத்திலேயே காவல் வைத்தேன்.

சில நாளில் மகளுக்குக் கடும் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் அவளை மடியில் வைத்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் மென்பொருளின் புதிய பதிப்பு வெளியாகும் நாள் அது. ஒரு அழைப்புகூட இல்லை. சிக்னல் இல்லையோ என்று பார்த்தேன், இருந்தது. மத்தியானம் அந்தப் பொகவந்தலாவைப் பெண்தான் அழைத்தாள். பதறிப்போய், "எந்த சர்வர்?" என்றேன்.

"சர்வரா? அதெல்லாம் நாங்களே எடுத்து வேலைய முடிச்சாச்சு. புள்ளைக்கு எப்படி இருக்குன்னு கேக்கத்தான் கோல் எடுத்தேன், கங்காணியம்மா."

கண் கலங்கிவிட்டது. நிம்மதியா, இனி நான் தேவையில்லையோ என்ற பயமா என்று சொல்லத் தெரியவில்லை.

மகள் தேறிவிட்டாள். என் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரம் நெருங்குகிறது. இப்போது என்ன செய்கிறீர்கள் என்று மேலதிகாரி கேட்டால், யாரும் என்னைக் கூப்பிடாமல் பார்த்துக்கொள்கிறேன் என்றா சொல்வது? அந்த ஒரு பகல் முழுவதும் மகளை மடியைவிட்டு இறக்காமல் இருந்தேனே, அதுதான் நான் செய்த வேலைக்குச் சாட்சி. அதை அவருக்குப் புரியும்படி எப்படிச் சொல்லலாம்? தெரிந்தவர்கள் எனக்கு எழுதுங்கள்.