காலுக்கு வைத்த ஒத்தடம்

என் கணவர் காவல் பரணிலிருந்து விழுந்தபோது பக்கத்தில் யானை எதுவும் நிற்கவில்லை. இதைச் சொன்னால் கேட்பவர்களின் முகம் கொஞ்சம் வாடிப்போகும். வன்னியில் வயல் காவலுக்குப் போனவர் முதுகு அடிபட்டுக் கிடந்தார் என்றால், யானை துரத்தியது, பரணைச் சாய்த்தது என்று ஏதாவது வரும் என எதிர்பார்க்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. நன்றாக விடிந்து வெயிலும் ஏறிய பிறகு, தேத்தண்ணி குடிக்கலாம் என்று இறங்கினார். ஏணியில் ஒரு குறுக்குத்தடி இற்றுப்போயிருந்தது. அவ்வளவுதான். யானை தள்ளியிருந்தால் திட்டித் தீர்க்கவாவது எனக்கு ஒன்று இருந்திருக்கும்.

அது ஐம்பதுகளின் நடுப்பகுதி. குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து நாங்கள் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்து இரண்டாவது போகம். என் கணவர் வீட்டில் ஆண்பிள்ளைகள் அதிகம், நிலம் குறைவு. பங்கு பிரித்தால் ஆளுக்கு ஒரு பாய் விரிக்கத்தான் இடம் காணும், அவ்வளவு. ஆகவே வன்னியில் காடு வெட்டிக் காணி கொடுக்கிறார்கள் என்றதும் அவர்தான் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். எனக்கு இந்த ஊர் பிடிக்கவில்லை. காய்ச்சல், இருட்டு, கதைக்க ஆளில்லாத பகல். வாய் ஓயாத பெண்ணைக் கொண்டுவந்து காட்டுக்குள் விட்டால் எப்படி இருக்கும்? வந்த நாளிலிருந்து அவரை வைதுகொண்டுதான் இருந்தேன். அவர் சிரித்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். சொந்தமாக வரப்பு வைத்த மனிதனை அசைக்க முடியாது.

மாசியில், கதிர் முற்றியிருந்த சமயத்தில், அவர் விழுந்தார். அயலவர்கள் உழவு இயந்திரத்தின் பெட்டியில் வைக்கோல் பரப்பி, அவரைக் கிடத்தி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முள்ளந்தண்டில் அடி, கால் திரும்பி வரலாம், வராமலும் விடலாம் என்று டாக்டர் சொன்னார். நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு அவரைப் பிடிக்கவே இல்லை. கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். இடுப்புக்கு மேலே எல்லாம் சரி. இடுப்பில் ஓயாத நோ. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. கிள்ளினாலும் தெரியாது.

சித்திரையில் அவருடைய மூத்த தமையன் வந்தார். நான் அவரைப் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். கதிரையில் உட்கார்ந்து தம்பியின் காலைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, ஆவணிக்குள்ள கால் வருதோ எண்டு பாப்பம். வராட்டி நான் லொறி பிடிச்சுக்கொண்டு வாறன். ரெண்டு பேரும் வந்து எங்களோடை இருங்கோ. இந்தக் காட்டுக்குள்ள நீர் தனிய என்ன செய்வீர்?"

ஆவணியில் விதைக்காமல் விட்ட காணியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே ஆவணி என்றால் அதுதான் முடிவு. கால் வந்தால் காணி, வராவிட்டால் தமையன் வீட்டு விறாந்தையில் ஒரு கட்டில். என் கணவர் முகட்டைப் பார்த்தபடி கிடந்தார்.

அடுத்த நாளே ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து, நாட்டு வைத்தியம் பார்க்கும் ஒரு பரியாரியாரைக் கூட்டிவந்தேன். அவர் காலைத் தட்டிப் பார்த்தார், ஊசியால் தொட்டுப் பார்த்தார். பிறகு நொச்சியிலை, ஆமணக்கிலை, தவிடு, உப்பு எல்லாம் சேர்த்துத் துணியில் கிழியாகக் கட்டச் சொன்னார். சட்டியில் வேப்பெண்ணெய் விட்டுக் கிழியைச் சூடாக்கி, அதனால் காலுக்கு ஒத்தடம் கொடுக்க வேண்டும்.

"ஒரேயடியா அழுத்தி வைச்சிருக்கக் கூடாது, பிள்ளை. வைக்கோணும், எடுக்கோணும், திருப்பி வைக்கோணும். நரம்பு நித்திரையில கிடக்குது. நித்திரை கொள்ளுறவனைத் தட்டித் தட்டித்தான் எழுப்போணும். அவர் சுடுகுது எண்டு சொன்ன உடனை எடுத்துப்போடும். அந்தச் சொல்லு வந்துதெண்டால் நரம்பு முழிச்சிட்டுது எண்டு அர்த்தம்."

இடுப்புக்கும் வைக்கலாம், நோ குறையும் என்றும் சொன்னார். ஆனால் என் கணவருக்கு அதில் அக்கறை இல்லை. "இடுப்பு கிடக்கட்டும். காலுக்கு வையும்" என்பார். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. நோவை யார் பார்த்தார்கள், கால் அல்லவா வேண்டும்.

காலையும் மாலையும் வைத்தேன். குதிக்கால், கணைக்கால், முழங்கால், தொடை. வைப்பது, கண்ணால் கேட்பது, அவர் இல்லை என்று தலையை ஆட்டுவது, எடுப்பது. கிழி ஆறும்வரை இதுவேதான். நொச்சி மணம் சீலையில் ஏறி, தலைமயிரில் ஏறி, சோற்றிலும் வந்தது. வைகாசி பிறந்தது. ஒன்றுமில்லை. ஒருநாள் காலையில் நான் அடுப்பை மூட்டிவிட்டு அப்படியே குசினிக்குள் இருந்து அழுதேன். சத்தம் வைத்துத்தான் அழுதேன், எனக்கு மெதுவாக அழத் தெரியாது. அவர் கூப்பிட்டுப் பார்த்தார், நான் போகவில்லை. சோறும் ஆக்கவில்லை.

அன்று பின்னேரம் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிழியைக் கணைக்காலில் வைத்தபோது, அவர் சட்டென்று மூச்சை இழுத்தார்.

"எடும். சுடுகுது."

எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். "என்ன சொன்னனீங்கள்?"

"சுடுகுதப்பா. மெல்லிசாத் தெரியுது."

நான் கிழியைப் போட்டுவிட்டு வீதிக்கு ஓடினேன். எங்கள் வாய்க்கால் கரையில் இருந்த எல்லா வீட்டுக்கும் சொன்னேன், எனக்குப் பிடிக்காதவளுக்கும் சொன்னேன். மரத்தடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். அன்றைக்குச் சோறோடு பயற்றங்காயும் கருவாடும் சமைத்தேன். அவர் நன்றாகச் சாப்பிட்டார். நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

அதன் பிறகு நாள் தவறாமல் அந்தச் சொல் வந்தது. ஒருநாள் முழங்காலில் தெரிந்தது, இன்னொரு நாள் தொடையில். ஆனியில் கணைக்காலில் ஒரு கொப்புளம் போட்டது. நான் பதறிப்போய்க் கத்தினேன்.

"சுட்டால் சொல்லுறதுக்கென்ன? வாய் இல்லையோ?"

"கொஞ்சம் பொறுத்தால் கெதியா எழும்பலாம் எண்டு பொறுத்தனான்" என்றார். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. பொறுமைசாலி, பாருங்கள், என்று அயலுக்குச் சொன்னேன். பரியாரியார் வந்து அந்தக் கொப்புளத்தைப் பார்த்தார், பிறகு என் கணவரின் முகத்தைப் பார்த்தார். பூச எண்ணெய் தந்தார். சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

ஆவணி வந்தது. பெரியத்தான் இன்றோ நாளையோ வந்துவிடுவார் என்று காத்திருந்த ஒரு நாள், கிழியைச் சட்டியில் வைத்துவிட்டு வெளியே பார்த்தால் அவிழ்த்துவிட்ட கட்டாக்காலி மாடுகள் என் கத்தரிப் பாத்திக்குள் நிற்கின்றன. தடியை எடுத்துக்கொண்டு ஓடினேன். மாட்டைக் கலைத்ததோடு நின்றிருக்கலாம், மாட்டுக்காரனையும் விடவில்லை. வாய்க்கால் கரையில் நின்று அவனோடு நெடுநேரம் நல்ல சண்டை. அவன் பரம்பரையையே இழுத்துப் பேசிவிட்டுத்தான் திரும்பினேன். அவர் உள்ளேயிருந்து, "கிழி கருகப்போகுது" என்று குரல் கொடுத்தார். கோபம் அடங்காமல், அடுப்பைக்கூடப் பாராமல், மடித்த சாக்குத் துண்டால் கிழியைப் பிடித்துக் கொண்டுபோய் முழங்காலில் வைத்தேன்.

"ஸ்... எடும், எடும். சுடுகுது."

எடுத்தேன். திரும்ப வைத்தேன். திரும்பச் சுட்டது. இப்படி இரண்டு மூன்று தரம் வைத்து எடுத்த பிறகு, கிழியைத் திரும்பச் சூடாக்கக் குசினிக்குப் போனேன். அடுப்பில் நெருப்பு இல்லை. விறகு எரிந்து விழுந்து, சாம்பலும் ஆறிப்போயிருந்தது. சட்டியைத் தொட்டேன், சுடவில்லை. சாக்குத் துண்டை விட்டுவிட்டுக் கிழியை வெறுங்கையால் பிடித்தேன். கிணற்றடிக் கல்லைப்போலக் குளிர்ந்து கிடந்தது.

நான் அங்கேயே குந்திவிட்டேன். முதலில் கோபம் வந்தது, பொய்யா என்று உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை நாளும் நான் உடைத்த தேங்காய் என்ன, வீடு வீடாகச் சொன்ன கதை என்ன. பிறகு கோபம் போய்விட்டது. போனபிறகு இருந்ததுதான் தாங்க முடியாமல் இருந்தது. அந்தக் கால் செத்துத்தான் கிடந்தது, எல்லா நாளும். அன்று நான் சத்தம் வைத்து அழவில்லை. நெருப்பை மூட்டி, கிழியைச் சூடாக்கி, என் முழங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுக் கொண்டுபோனேன். அவர் சுடுகுது என்றார், நான் எடுத்தேன்.

அடுத்த கிழமை பெரியத்தான் வந்தார். லொறி கொண்டுவரவில்லை, பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று பஸ்ஸில் வந்திருந்தார். கால் எப்படி என்று கேட்டார்.

"சூடு தெரியுது, அண்ணை. மெல்ல மெல்ல எழும்பியிடுவன்."

"உண்மையோடா? என்ரை கண்ணாலை பாக்கட்டும்."

நான் கிழியைக் கொண்டுவந்து வைத்தேன். என் கணவர் கண்ணைச் சுருக்கி, மூச்சை இழுத்து, "சுடுகுது" என்றார். எவ்வளவு நேரத்தில் சொல்ல வேண்டும் என்று அவருக்குப் பழகிப்போயிருந்தது. பெரியத்தான் சால்வையால் முகத்தைத் துடைத்தார். அந்த மனிதர் அழுது நான் அதற்கு முன் கண்டதில்லை. பிறகு என்னைப் பார்த்து, "ஓமோ பிள்ளை? வருதோ?" என்றார்.

நான் கட்டிலைப் பார்க்கவில்லை. "ஓம் பெரியத்தான், வருது" என்றேன்.

கால் வந்ததா என்று நீங்கள் கேட்கலாம். ஒருநாளும் வரவில்லை. அவர் அந்தக் கட்டிலில் கிடந்தபடி, அதன் பிறகும் பல போகம் பார்த்தார். அந்த ஆவணியிலும் பிறகும் விதைத்தது நான். வரப்பு கட்டியதும், தண்ணீருக்குச் சண்டைபிடித்ததும், கூலிக்கு வந்தவர்களை ஏசி வேலை வாங்கியதும் நான்தான். எனக்குப் பிடிக்காத ஊர் அப்படித்தான் என் ஊரானது.

அன்று பெரியத்தானை பஸ் ஏற்றிவிட்டு நான் திரும்பி வந்தபோது அவர் கண்ணை மூடிக் கிடந்தார். மாலை ஒத்தடத்துக்கு நான் கிழியைச் சூடாக்கிக் கொண்டுபோனேன்.

"இஞ்சேரும். உமக்குத் தெரியும், என்ன?"

"தெரியும்."

"எப்பவிருந்து?"

"மாடு கலைக்கப் போன அண்டைக்கு. கிழி ஆறிக் கிடந்தது. நீங்கள் சுடுகுது எண்டனீங்கள்."

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "பிறகேன் அண்ணையிட்டைச் சொல்லயில்லை?"

"நீங்கள் ஏன் என்னட்டைச் சொல்லயில்லை?"

"அண்டைக்கு நீர் குசினிக்குள்ள இருந்து அழுதனீர். நான் இஞ்ச கிடந்து கேட்டுக்கொண்டு கிடந்தன். எழும்பி வர ஏலாது. கூப்பிட்டும் நீர் வரயில்லை. உமக்குக் குடுக்க என்னட்டை வேறை என்ன இருந்தது? அதுதான் அப்பிடிச் சொன்னனான். பிறகு நீர் சந்தோசமாத் திரிஞ்சீர். நிப்பாட்ட ஏலாமல் போச்சு."

கிழியில் இன்னும் சூடு இருந்தது. அதை அவருடைய முழங்காலில் வைத்தேன்.

"சுடுகுதோ?"

"இல்லை" என்றார்.

நான் எடுக்காமல் இருந்தேன். அவரே என் கையைப் பிடித்து விலக்கினார், கொப்புளம் போடப்போகுது என்று. இரண்டு பேரும் அழுதோம். அவர் அழும்போது உடம்பு குலுங்கி, இடுப்பு இழுத்துப் பிடித்தது. "இடுப்பு நோகுதப்பா" என்றார். விழுந்த நாளிலிருந்து அது நொந்துகொண்டுதான் இருந்தது. கால், கால் என்று நாங்கள்தான் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தோம்.

கிழியைத் திரும்பச் சூடாக்கிக் கொண்டுவந்து, அவரை மெல்லக் கவிழ்த்துப் படுக்க வைத்தேன். முகம் தலையணைக்குள் புதைந்திருந்தது, என் கையை அவர் பார்த்திருக்க முடியாது. கிழி இடுப்பில் பட்ட உடனேயே கத்திவிட்டார்.

"ஐயோ எடும்! சுடுகுது!"

எடுத்தேன். இத்தனை மாதமாகக் கேட்ட அந்தச் சொல் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் வைத்தேன், அவர் சொன்னதும் எடுத்தேன். நோ கொஞ்சம் விட்டுவிட்டது என்று அவர் கண்ணயரும்வரை அப்படியே வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தேன்.